முன்வண்டியின் வால்பிடியார்

இன்று நாம் சந்திக்கப்போகும் உயிரினத்தின் பெயர் வால்பிடியார். மேலதிகாரியின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்காவது பதவி உயர்வு என்ற ஒரு லட்சியம் இருக்கிறது. நம் வால்பிடியாருக்கு அதுவும் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும், முன்னால் போவது குப்பை லாரியே ஆனாலும், அதன் பின்புறத்தோடு ஏழேழு ஜென்மத்துப் பந்தம் இருப்பதுபோல் ஒட்டிக்கொண்டு, அது வளைந்தால் தானும் வளைந்து, அது முனகினால் தானும் முனகி, அது விடும் புகையை முதல் ஆளாகச் சுவாசித்தபடி போவார். புதிதாகக் காதலிக்கிறவர்கள்கூட இவ்வளவு நெருங்கி நடப்பதில்லை.

வண்டிக்கு வெளியே பார்த்தால் பரம சாது. வங்கி வரிசையில், முன்னால் நிற்பவரின் முதுகில் தன் மூச்சுக்கூடப் படக்கூடாது என்று ஒதுங்கி நிற்பார். லிஃப்டில் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் ஏறுவார். கார்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் எங்கிருந்துதான் வருமோ அந்த ஆவேசம்!

ஏன் ஐயா இவ்வளவு நெருக்கம் என்று கேட்டுப்பாருங்கள்.

"இடம் விட்டா நடுவுல ஒருத்தன் புகுந்துடுவான் சார்."

புகுந்தால்?

"புகுந்துடுவானே!"

அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நீங்கள் இன்னும் சமாதானமாகவில்லை என்று தெரிந்தால், குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்துவார். "என் கால் எப்பவும் பிரேக் மேலதான் சார் இருக்கும். நெனைச்சா நிறுத்திடுவேன்."

நினைத்தால்! நினைப்பதற்கும் நேரம் ஆகும் என்பதை மட்டும் இவர் நினைப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த வால்பிடியார்களில் தலைசிறந்தவர், எங்கள் தெருக்கோடியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைக்கு வருகிறவர்களைச் சுவரில் உள்ள எழுத்து அட்டைக்கு எதிரே தள்ளி உட்காரவைத்து, "முன்னாடி சாயக்கூடாது, அங்கிருந்தே படிக்கணும்" என்று கண்டிப்பார். சாயங்காலம் கடையைப் பூட்டியபின் அதே மனிதர், முன்வண்டியின் பின்கண்ணாடியில் பொடிப்பொடி எழுத்தில் ஒட்டியிருப்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டே வீடு திரும்புவார். பக்கத்து இருக்கையில் இருக்கும் அவர் மனைவியின் காலடியில் கிடக்கிற விரிப்பு ஓரிடத்தில் மட்டும் நைந்து ஓட்டையாகியிருக்கிறது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அதை மிதித்துக்கொண்டுதான் வருகிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பேத்தி பிறந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள். மனிதர் விடிந்ததும் வண்டியைக் கழுவி, புது உறை போட்டு, பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கையைத் தன் கையாலேயே பூட்டி, முகமெல்லாம் பூவாக அறைக்குள் நுழைந்தார். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அப்பா ஓட்டும் வண்டியிலேயே வளர்ந்தவள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக்கூடாது. இவ உங்க வண்டியில வரட்டும். ஆனா அவர் ஓட்டட்டும்."

அவர் என்பது மருமகன். பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டிருந்த அந்த நல்ல பிள்ளை, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

நம் கதாநாயகரின் இதயம் சுக்குநூறானது. உதடு துடித்தது. "என் பேத்தியை நான் கூட்டிட்டுப் போகக்கூடாதா? இந்த ஒரு நாளுக்காகத்தானே காத்திருந்தேன்? இத்தனை வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் விழுந்திருக்காம்மா?"

"முன்னாடி போனவங்க நல்லா ஓட்டியிருக்காங்க" என்றார் மனைவி.

"நீ சும்மா இரு! நான் நெனைச்சா நிறுத்திடுவேன்."

"சரி, நிறுத்துங்க பார்ப்போம்" என்ற மகள், அறையில் இருந்த நர்ஸ் பதிவேட்டில் கோடு போட வைத்திருந்த ஸ்கேலைக் கேட்டு வாங்கினாள். மேல்நுனியைத் தான் பிடித்துக்கொண்டு தொங்கவிட்டாள். கீழ்நுனியைத் தொடாமல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துவைக்கச் சொன்னாள். "நான் விடுவேன். நீங்க பிடிக்கணும்."

விட்டாள். ஸ்கேல் விரல்களுக்கு நடுவே வழுக்கித் தரையில் விழுந்தது.

"நான் ரெடியா இல்லம்மா. செல்லாது."

மறுபடி விட்டாள். இந்தமுறை கடைசி முனையில் எப்படியோ கவ்விவிட்டார். பரிசுக் கோப்பை வாங்கியவர்போல் நான்கு பக்கமும் பார்த்தார். மூன்றாவது முறை மனைவி சாதாரணமாக, "என்னங்க, சாவி எங்க வெச்சீங்க?" என்றார். இவர் திரும்பினார். ஸ்கேல் தரையில்.

"பேச்சுக் குடுத்தா எப்படிடீ பிடிக்கறது?"

"வண்டியில பேசவே மாட்டீங்களாப்பா?" என்றாள் மகள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"ரெண்டாவது தடவை பிடிச்சீங்களே, அதுக்குள்ள ஸ்கேல் முழு நீளமும் விழுந்தாச்சு, அதுக்கே கால் செகண்ட் ஆச்சு. அறுபதுல போனா கால் செகண்டுல வண்டி நாலு மீட்டர் ஓடிடும். நீங்க முன்வண்டிக்கு விடற இடமே அவ்வளவுதான். அதுவும் விழப்போகுதுன்னு தெரிஞ்சு காத்திருந்த விரல் இது. ரோட்டுல யாரும் சொல்லிட்டு நிறுத்தமாட்டாங்க. பார்க்கணும், புரியணும், கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்குப் போகணும். ஒரு செகண்டாவது ஆகும். பதினாறு மீட்டர்! அதுவரைக்கும் நீங்க பிரேக்கையே தொடல."

"முன்னாடி போறவன் மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுவானா? அவனும் கொஞ்ச தூரம் போய்த்தானே நிப்பான்?"

வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

"கரெக்ட்பா. பிரேக் பிடிச்சு அவர் எவ்வளவு தூரம் போறாரோ, நீங்களும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் போய் நிப்பீங்க. ஆனா அவர் பிரேக் போட்டது உங்களுக்கு உறைக்கிற வரைக்கும் நீங்க அதே அறுபதுல போயிட்டு இருப்பீங்க. அந்தப் பதினாறு மீட்டரை யார் தருவா?"

யார் தருவார்? மருமகன்தான் நாட்காட்டியில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டாரே.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று இரண்டு நொடிக் கணக்காகத் தாத்தா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கம்பத்தை அவர் எட்டிவிட்டால், அந்த இடத்திலேயே சாவி மருமகன் கைக்கு.

அந்தப் பயணத்தின் சோகத்தை எழுத என் பேனாவுக்குத் தெம்பில்லை. "ஆயிரத்து ஒண்ணு" என்பார். ஒரு வெள்ளைக் கார் நடுவில் புகும். பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கி மறுபடி இடம் விட்டு, "ஆயிரத்து ஒண்ணு" என்பார். ஒரு வேன் புகும். பிறகு ஒரு ஸ்கூட்டர், அதன் பின்னால் சிரித்துக்கொண்டே ஒரு பெண். தன்மானம் தவணை முறையில் கழன்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முன்வண்டியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன.

தொடர்கதை என்றால் இங்கே காலம் உறைந்து நிற்கும். நிஜத்தில் காலம் நிற்காது, வண்டியும் நிற்காது. ஒரு முழு நொடி அவர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால் போனது. வண்டி குனிந்து, குலுங்காமல் நின்றது. முன்னால் இன்னொரு கார் நிறுத்தலாம்போல் இடம் பாக்கி இருந்தது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

"பாத்தியாம்மா? நெனைச்சேன், நிறுத்திட்டேன்!" என்றார் கண்கலங்கி.

அந்தப் பெருமை மகளின் முகத்தில் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்தவர், மகளைப் பார்க்கவில்லை. பின்னால் டயர்கள் கிறீச்சிட்டன. பின்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு வண்டியின் முகம் வந்து நின்றது. அந்த முகத்துக்கும் பிறந்து மூன்றே நாளான அந்தக் குழந்தைக்கும் நடுவில், அவர் காலையில் பளபளவென்று துடைத்த ஒரு தகரம், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் முன்வண்டியாகியிருந்தார்.

கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்: "கொஞ்சம் இடம் விட்டு வரக்கூடாதாய்யா? பின்னாடி பச்சைக் குழந்தை இருக்கு!"

"அதுக்குன்னு இப்படி ஊர்வலமா போவாங்களா? நகருய்யா!" என்றது பின்வண்டி. கூடவே ஒரு நீண்ட ஹார்ன். குழந்தை வீறிட்டு எழுந்தது.

அந்த ஆள் எப்படி இருந்தார் என்று நான் பின்னால் விசாரித்தேன். பதற்றத்தில் சரியாகப் பார்க்கவில்லையாம். நல்ல குடும்பத்து முகம், படித்தவர் தோற்றம், இந்த மாதிரிக் கட்டுரைகளை வாசித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சிரிக்கிறவர் மாதிரி இருந்ததாம். நீங்கள் இல்லை, அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம். கடைசியாக உங்கள் முன்னால் ஆமைபோல் ஊர்ந்து, உங்கள் பொறுமையைச் சோதித்து, உங்களை ஹார்ன் அடிக்கவைத்த அந்த வண்டியின் பின்சீட்டில் யார் இருந்தார்கள்?

தெரியவில்லையா? அவ்வளவு கிட்டத்தில் போயுமா?