அடுத்த வீட்டு அக்கா

அல்சூர், பெங்களூரு
14.11.2006

பாசமுள்ள சொர்ணம் அக்காவுக்கு, தம்பி கணேசமூர்த்தி வணங்கி எழுதுவது. இங்கே நானும் தாரணியும் பிள்ளைகளும் சுகம். சந்தாபுராவில் நீயும் மாமாவும், எங்கள் கம்பெனி முழுக்க நம்பியிருக்கும் அந்த இரண்டு பசுக்களும் சுகமாயிருக்க சோமேஸ்வரரை வேண்டுகிறேன். போன் செய்தால் மாமா எடுத்து, "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. உன் வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி கட்டக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவன் நான். ஹாலந்தில் ஒரு தொழிற்சாலை தன் புகையைக் குறைக்க முடியாவிட்டால், இங்கே நூறு வீடுகள் விறகை நிறுத்திக் குறைத்த புகையை வாங்கித் தன் பேரில் காட்டிக்கொள்ளலாம், அதை விற்றுக்கொடுப்பதுதான் எங்கள் கம்பெனி வேலை, உலகமே ஒரே சந்தையாகிவிட்டது என்று நான் விளக்கியபோது, "அவன் புகை விடுவான், அதுக்கு நான் இங்க சாணி கரைக்கணுமா?" என்று கேட்டாய். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் மேனேஜருக்கே இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது. இருந்தும் தம்பிக்காகக் கரைத்தாய். சரிபார்க்க அந்த நாட்டு ஆய்வாளர் வருகிறார், முதலில் உன் வீடுதான் என்றதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். விருந்து தடபுடலாக இருக்கட்டும், நம் மானம் போய்விடக் கூடாது என்று சொன்னவனும் நான்தான். தொட்டி வாயு நாலு பேர் சோற்றுக்குத்தான் காணும், பதினைந்து பேர் பிரியாணிக்கு வருமா? நீ மூன்று கல் கூட்டி, புளிய விறகு அடுக்கி, தேக்சாவை ஏற்றிவிட்டாய். நாங்கள் மூன்று ஏசி காரில் வந்து இறங்கும்போது புகை அத்திப்பள்ளியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இது எந்த வீட்டு அடுப்பு என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். என் வேலை கண் முன்னால் போய் வந்தது. அது அடுத்த வீட்டு அடுப்பு, அந்த அம்மாவும் அடுத்த வீட்டு அம்மா, விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கிறார், இந்தக் குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். என்னை இடுப்பில் சுமந்தவளைப் பார்த்துச் சொன்னேன். நீ கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவங்கறதே அந்த நேரத்துல மறந்துபோச்சுக்கா. திட்டப் பேப்பரில் வீட்டுக்காரர் என்று கையெழுத்துப் போட்ட மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பசுக்கள் பக்கம் போய்விட்டார். நீ இலை போட்டாய். வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, "சார், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்றாய். டேய் மூர்த்தி என்று கூப்பிட்ட வாய் அது. வேலை போனால் போகட்டும், நாளைக்கே ஆய்வாளருக்கு உண்மையை எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் சொர்ணம் என் கூடப்பிறந்த அக்கா என்றுதான் சொல்வேன், இது சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். பசுக்களுக்குப் பருத்திக்கொட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். அடிக்க வேண்டுமென்றால் அன்றைக்கே அடித்துவிடு.

நீ ஒப்புக்கொண்டால், உன் தம்பி,
கணேசமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஆபீஸிலிருந்து டென்சில் போன் செய்தான். ஆய்வாளரின் அறிக்கை வந்துவிட்டதாம், உன் வீடு பாஸ். ஆனால் பாவம், அந்த அடுத்த வீட்டு அம்மா இன்னும் விறகோடு கஷ்டப்படுவது அவர் மனதை உருக்கிவிட்டதாம். அவரையும் திட்டத்தில் சேர்க்க வியாழக்கிழமை நேரில் வருகிறார். உண்மையை அடுத்த வாரம்கூட எழுதிக்கொள்ளலாம். வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும், அக்கா, நீ அடுத்த வீட்டு வாசலில் நிற்க முடியுமா?