ராகு காலமும் எங்க வண்டி பேட்டரியும்

ஒரே ஒரு ஊர்ல, அதுவும் தில்லி மாதிரி குளிர்ற ஊர்ல, ஒரு கார் பேட்டரி இருந்துச்சாம். அது சாகவும் இல்ல, பிழைக்கவும் இல்ல. அதுக்குக் காவல் இருந்தவன் நான்.

அன்னிக்கு எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆர்.கே.புரம் போய், அக்காவைப் பெண் பார்க்க வர்ற மூணு பேரைக் கார்ல ஏத்திக்கிட்டு, லோதி ரோட்டுல இருக்கிற எங்க குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான்.

முதல்ல பேட்டரி கதையைச் சொல்லிடறேன்.

டிசம்பர் வந்தா எங்க வெள்ளைக் கார் காலையில எழுந்திருக்காது. சாவியைத் திருப்பினா, தூக்கத்துல எழுப்பின ஆள் மாதிரி ஒரு முனகல். அப்புறம் மௌனம். மங்கி கேப் போட்டுக்கிட்டு வாக்கிங் போற காலனி மாமாக்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுவேன். முதல் வாரம் "ஏக் தக்கா அவுர்", இன்னும் ஒரு தள்ளுன்னு உற்சாகமாத் தள்ளினாங்க. அடுத்த வாரம் என் தலையைப் பார்த்ததும் வேற ரோட்டுல நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மெக்கானிக், பேட்டரியை மாத்திடுன்னார். ஹாரன் அடிக்கலைன்னு போனாலும் பேட்டரியை மாத்துன்னு சொல்றவர் அவர். அதனால நம்பல. அப்பா வேண்டவே வேண்டாம்னார். கோடையில ரிடையர் ஆனதும் வண்டியை வித்துட்டு ஊருக்குப் போறதா அவருக்கு ஐடியா. விக்கப்போற வண்டிக்கு எதுக்குடா புது பேட்டரின்னு கேட்டார். நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல எதையும் கழட்டக் கூடாதுன்னு அம்மா. கடைசியில மூணு பேரும் நீயே பார்த்துக்கோன்னு என் தலையில கட்டிட்டாங்க. நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டே அக்கா மெதுவாச் சொன்னா.

"நாளைக்கு வர்றாரே, அவர் ஒரு தடவை போன்ல பேசினார். எனக்குப் பிடிச்சிருக்கு. தயவுசெஞ்சு அந்த பேட்டரியை மாத்திடு."

எங்க வீட்டுல அக்கா 'தயவுசெஞ்சு'ங்கிற வார்த்தையைச் செலவு பண்ணி நான் பார்த்ததே இல்ல. ஓடினேன். பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டு ஸ்கூட்டர்ல கிளம்பிட்டிருந்தார். நாளைக்கு லீவு, திங்கட்கிழமை வா பையான்னுட்டார்.

இந்த லட்சணத்துல ராகு காலம் வேற. ஞாயித்துக்கிழமை நாலரையிலிருந்து ஆறு. அவங்களை ஆறு மணிக்கு மேல வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரணும். அப்படின்னா நான் அஞ்சேகாலுக்குக் கிளம்பணும். அது நட்ட நடு ராகு காலம்.

அம்மாகிட்ட இதுக்கு வழி இருந்துச்சு. நாலரைக்கு முன்னாடியே வண்டியை எடுத்து காலனி கேட்டுக்கு வெளியில நிறுத்திடு. கிளம்பினதாக் கணக்கு. அப்புறம் எப்ப வேணும்னாலும் போகலாம்.

அப்பா, கேட்டுல காவல் இருக்கிற சௌகிதார், காய்கறி வண்டிக்காரர் மூணு பேரும் தள்ளி வண்டியைக் கிளப்பிவிட்டாங்க. கேட்டுக்கு வெளியில நிறுத்தினேன். ஆனா இஞ்சினை அணைச்சா மறுபடி யார் தள்றது? அதனால அணைக்காமலே உட்கார்ந்திருந்தேன். இஞ்சின் ஓட ஓட பேட்டரி சார்ஜ் ஆகும்ங்கிற பெருமை வேற. டாஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கில்ல, அதுமேல வெச்ச கண்ணை நான் எடுக்கவே இல்ல. பக்கத்துல ஒரு முள்ளும் இருந்துச்சு. அதைப் பார்க்கணும்னு தோணல. போறதா இல்லையான்னு சௌகிதார் மட்டும் அடிக்கடி வந்து ஹிந்தியில விசாரிச்சுட்டுப் போனார்.

ஆர்.கே.புரத்துல பார்த்தா, அவங்களும் நாலேகாலுக்கே மாடி வீட்டைப் பூட்டிட்டு, கீழ் வீட்டு பஞ்சாபிக்காரங்க சோபாவுல வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. மாப்பிள்ளை, அவரோட அப்பா, பட்டுப்புடவைக்கு மேல ஸ்வெட்டர் போட்ட அம்மா. இன்னும் எதுவும் முடிவாகல, அத்தைன்னு கூப்பிட்டு வைக்காதேன்னு வீட்டுல சொல்லி அனுப்பியிருந்தாங்க.

"ஏந்தம்பி, இஞ்சினை அணைக்கவே மாட்டேங்கீங்க?"ன்னு கார்ல ஏறினதும் அந்த அம்மா கேட்டாங்க.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பிட்டு நடுவுல அணைக்கக் கூடாதில்லையா, ஆன்ட்டி."

வாயில வந்ததைச் சொன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி மரியாதையாப் பார்த்தாங்க.

ஞாயித்துக்கிழமை ரோடு காலி. அஞ்சே முக்காலுக்கே லோதி ரோடு வந்துட்டோம். எங்க காலனி கேட் தூரத்துல தெரியுது. அப்பதான் வண்டி ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடுச்சு.

சாவியைத் திருப்பினேன். வழக்கமா முனகுற வண்டி அன்னிக்கு கிர்ர்ர்னு பலமாக் கத்துச்சு. கடைசி மூச்சு போலன்னு நினைச்சேன்.

மாப்பிள்ளையோட அப்பா தயங்கித் தயங்கி, பெட்ரோல் இருக்கான்னு பார்த்தீங்களா தம்பின்னு கேட்டார். ஒரு மாசமா இந்த வண்டியோட பழகறவன்கிட்ட கேக்கற கேள்வியா அது? பேட்டரிதான் மாமான்னு உறுதியாச் சொன்னேன். பதட்டத்துல மாமான்னும் சொல்லிட்டேன்.

மாப்பிள்ளை இறங்கி, கோட்டைக் கழட்டி, உள்ள குனிஞ்சு முன் சீட்டுல வெச்சுட்டு, வாங்க தள்ளலாம்னார்.

அவங்க அம்மாவை இறங்கச் சொன்னோம்.

"மணி என்ன?"

"ஆறாக இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அப்ப நான் இறங்க மாட்டேன்."

சரி. நான் கதவைத் திறந்து வெச்சு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே தள்ள, பின்னாடி மாப்பிள்ளையும் அவரோட அப்பாவும் தள்ள, வண்டி நகர்ந்துச்சு. நடுநடுவுல தாவி ஏறி, செகண்ட் கியர் போட்டு, கிளட்சை விட்டுப் பார்த்தேன். ஒரு குலுங்கு குலுங்கும், நிக்கும். ஹெட்லைட் ரெண்டும் கல்யாண வீடு மாதிரி பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. செத்த பேட்டரியில எப்படி லைட் எரியும்? எனக்கு உறைக்கவே இல்ல.

காலனிக்குள்ள நுழைஞ்சதும் மங்கி கேப் மாமாக்கள் பழக்கதோஷத்துல ஒதுங்கினாங்க. பின் சீட்டுல பட்டுப்புடவையைப் பார்த்ததும் என்ன நினைச்சாங்களோ, வந்து கை கொடுத்தாங்க. உற்சவ அம்மன் பவனி மாதிரி அந்த அம்மா நேராப் பார்த்து உட்கார்ந்து வர, ஊரே தேர் தள்ளுச்சு. பால்கனியில அக்கா நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்தா. கையால முகத்தை மூடிக்கிட்டு உள்ள போயிட்டா.

இது போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

வாசல்ல வண்டி நின்னதும் அந்த அம்மா மறுபடி மணி கேட்டாங்க. ஆறு தாண்டிடுச்சுன்னதும்தான் வலது காலை எடுத்துக் கீழ வெச்சாங்க.

பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆச்சு. அக்காவும் அவரும் பால்கனியில கொஞ்ச நேரம் பேசினாங்க. உள்ள வரும்போது அக்கா சிரிப்பை அடக்கிக்கிட்டு வந்தா. அந்த அம்மா டம்ளரைக் கீழ வெச்சுட்டு எங்க அம்மாவைப் பார்த்தாங்க.

"ராகு காலத்துல என்னைத் தரையில கால் வைக்க விடாமக் கொண்டுவந்து சேர்த்திருக்கான் உங்க பையன். கிளம்பின வண்டியை அணைக்கக்கூட இல்ல. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பார்க்கா? எங்களுக்குப் பூரண சம்மதம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

திரும்பிப் போக ஆட்டோ பிடிச்சோம். பெரியவங்க ரெண்டு பேரும் முன்னால நடந்தாங்க. மாப்பிள்ளை கோட்டை எடுக்கற சாக்குல கார்கிட்ட என்னோட நின்னார்.

"மச்சான், பேட்டரி இல்ல. பெட்ரோல் தீர்ந்துடுச்சு."

தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்ப தெரியும்னு கேட்டேன். கோட்டை வைக்கக் குனிஞ்சப்பவே பெட்ரோல் முள்ளைப் பார்த்துட்டாராம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா பக்கத்து பங்க்ல வாங்கி ஊத்தி, ஆறுக்கு முன்னாடியே இங்க வந்திருப்போம். எங்கம்மா உங்க வீட்டுப் படி ஏறாம இந்த வண்டிக்குள்ளயே உட்கார்ந்திருப்பாங்க, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு. எனக்கு இது நடக்கணும்."

கோட்டை மாட்டிக்கிட்டு ஆட்டோவைப் பார்க்க நடந்தார். பாதி தூரம் போய்த் திரும்பி, "பேட்டரியையும் மாத்திடுங்க. கல்யாணத்தன்னிக்கு நான் வேஷ்டியில இருப்பேன், தள்ள முடியாது"ன்னு சொல்லிட்டுப் போயே போயிட்டார்.