கலர் மாமாவின் மூன்று சிவப்பு

பிள்ளைகளே, ஒரு எழுத்துகூட எழுதாமல் ஆரணி பஸ்ஸுக்கெல்லாம் பெயர்ப்பலகை மாட்டிய ஒரே மனிதர் எங்கள் கலர் மாமாதான்.

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது அவர் தொழில். முழங்கை வரை ஒரு நாள் பச்சை, ஒரு நாள் ஊதா. காதைச் சொறிந்தால் காதும் அதே நிறம். தினமும் பட்டறைக்குப் போகும் முன் பஸ் நிலையத்தில் டீ குடிப்பார். தறி நெய்கிற நானும் அங்கேதான் குடிப்பேன்.

செய்யாறு கம்பெனிகளுக்கு வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மாமாவுக்கு இந்தி தெரியாது. தமிழையே உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்று நம்பினார். அவர் போட்ட சத்தத்தில் பயந்துபோன நாலு பேர், கைக்கு எட்டிய பஸ்ஸில் ஏறி கோயில் ஊரான தேவிகாபுரம் போய், நெற்றி நிறைய விபூதியோடு மத்தியானம் திரும்பினார்கள்.

மறுநாள் மாமா பட்டறையில் மிஞ்சிய நூலோடு வந்தார். செய்யாறு பஸ் கண்ணாடியில் சிவப்பு நூல். செய்யாறு போகிறவர் மணிக்கட்டிலும் சிவப்பு. தேவிகாபுரத்துக்கு மஞ்சள், சந்தவாசலுக்குப் பச்சை. இரண்டையும் ஒத்துப் பார்த்து ஏறினால் போதும். ஒரு தமிழ் வாத்தியார்கூட ஆசையாகக் கையை நீட்டினார்.

பிறகு கல்யாண மாதம் வந்தது. கூறைப்பட்டுக்காகப் பட்டறையில் சிவப்பைத் தவிர வேறு நூலே இல்லை. மாமா கவலைப்படவில்லை. செய்யாறுக்கு அரக்கு, தேவிகாபுரத்துக்குக் குங்குமம், சந்தவாசலுக்கு மாதுளை என்று கட்டிவிட்டார்.

செய்யாறு பஸ் டிரைவர் சிரித்தார். "இன்னா மாமா, எல்லாம் ஒரே செவப்புதானே?"

"கண்ணு கீதா இல்லியா உனுக்கு?" என்றார் மாமா. அதன்பின் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் ஒடிசாவிலிருந்து சுனில் என்பவர் வந்தார். அவர் நீட்டிய போனில் கம்பெனிக்காரர் யாரோ மாமாவிடம் தமிழில் சொன்னார்: "இன்னிக்குத்தான் மொத நாளு. எட்டு மணிக்கு கம்பெனி கேட்டுல நிக்கலன்னா வேலை இல்லீங்க." மாமா அரக்கு நூலைக் கட்டிவிட்டு டீக்குத் திரும்பினார்.

தேவிகாபுரம் பஸ் கிளம்பியது. ஜன்னலில் சுனில் நன்றியோடு கையை ஆட்டினார். மாமா டம்ளரைப் போட்டுவிட்டு லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, பஸ்ஸின் முன்னால் நின்றார்.

"காலைலயே இன்னா பேஜாரு மாமா?" என்றார் கண்டக்டர்.

"உன் பஸ்ஸு குங்குமம். அவரு அரக்கு. ஜல்தி எறக்கி வுடு."

"பொருத்தம் பாக்கறாரு போல" என்றார் அந்த பஸ் டிரைவர்.

சுனிலை இழுத்துக்கொண்டு மாமா ஓடி வருவதற்குள் செய்யாறு பஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அன்று சிரித்த அதே டிரைவர் தலையை நீட்டினார். "எல்லாம் ஒரே செவப்புதானே? சொல்லு, நிறுத்தறேன்."

மாமா என்னைப் பார்த்தார். சுனிலைப் பார்த்தார். வேப்பங்காயைக் கடித்த மாதிரி வாய் கோணியது.

"செவப்புதான்யா" என்றார்.

பஸ் நின்றது. சுனில் ஏறினார்.

"நாப்பது வருசத்துல மொத பொய்யி" என்று முனகிக்கொண்டே மாமா பட்டறைக்கு நடந்தார்.

சாயங்காலம் சுனில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்து அதை மாமாவிடம் தூக்கிக் காட்டினார். "இந்த நாடா நல்ல நீலம்" என்றார் மாமா. மறுநாள் அடுத்த தெருப் பட்டறையில் கெஞ்சி மஞ்சளும் பச்சையும் வாங்கி வந்தார்.

போன மாதம் ஜரிகை வாங்க சூரத் போனேன். அங்கே பஸ்ஸில் இருந்த ஒரு எழுத்தும் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பஸ் கண்ணாடியிலும் நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.