அப்பா அம்மாவுக்கு நான் கொடுத்த பயிற்சி

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். எது கெட்டாலும் தானே சரிபண்ணிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். அசிஸ்டென்ட் நான். தொழிலாளர் வசதிகளைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால், எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. (பெருமைப்படும்படியான வேலை இல்லைதான்.)

அப்பா ஓவர்லாக் டைலர். அம்மா வேறு கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. இருவரும் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. சோறு போடலாமா என்பதுகூட என் வழியாகத்தான் போகும். காரணம் கேட்டால் இருவருமே, "அங்க போய்க் கேளு" என்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லி அம்மா பையை எடுத்து வைத்ததும் பயந்துபோனேன். குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசும் கவுன்சிலிங் மேடம் ஒருவரிடம் நேரம் வாங்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். மானம் போய்விடுமே என்று பஸ்ஸிலேயே இருவருக்கும் பயிற்சி கொடுத்தேன். சண்டை உண்டா என்றால் இல்லை, குறை உண்டா என்றால் இல்லை. (அப்புறம் எதற்குப் போகிறோம்? அது எனக்குத் தோன்றவே இல்லை.)

வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். ஆடிட் பார்த்துப் பழகிய அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு குறையுமில்லீங்க மேடம். குடிதண்ணி இருக்குதுங்க. பாத்ரூம் சுத்தமுங்க."

"ஞாயித்துக்கிழமை லீவுங்க," என்று அம்மா அவசரமாகச் சேர்த்தார்.

மேடம் என்னைப் பார்த்தார். நாற்காலியோடு சுவரோரம் போகச் சொன்னார். வாயே திறக்கக் கூடாது என்றார். பிறகு அவர்களை எதிரெதிரே திருப்பி உட்காரவைத்து, மனதில் இருப்பதை நேராகக் கேட்கச் சொன்னார்.

"பழைய கம்பெனில உங்கள வேலைய விட்டு நிறுத்துனது, என் பக்கத்து டேபிள்காரி சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"உங்கிட்டச் சொல்லச் சொல்லி இவங்கிட்டச் சொன்னனே புள்ள. தெரிஞ்சும் ஒரு வார்த்தை விசாரிக்கலியேன்னுதான் எனக்கு வருத்தம்."

இருவரும் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

அம்மா வருத்தப்படுவாரே, நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று நான் பத்திரமாக வைத்திருந்த செய்தி அது. அப்பாவுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்ததும் மறந்தே போனேன்.

அம்மாவுக்குச் சிரிப்பும் திட்டும் சேர்ந்தே வந்தன. "ஆறு தப்படி நடந்தா சமையக்கட்டு," என்றார் அப்பா. "நடுவுல இவனெதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்துக்கு இருவரும் சேர்ந்தே போய்விட்டு வந்தார்கள். மேடத்திடம் இன்னும் நான்கு முறை போனார்கள். நான் வெளியே பெஞ்சில்.

பின்னால் எனக்குக் கல்யாணமானபோது, மருமகளிடம் அம்மா சொன்ன முதல் புத்திமதி: "எதுன்னாலும் நேரா வந்து சொல்லு கண்ணு. இவங்கிட்டச் சொல்லி உடாத."

அவள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறாள். நான் தகப்பனாகப்போகும் சேதியை அவள் என் அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, எனக்கு அப்பாதான் சொன்னார்.