ஒன்பதாவது டின்

நான் இதுவரை யாரையும் கொன்றதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை பிற்பகல், மிகுந்த பாசத்தோடும் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடும், என் சொந்த அக்காவையும் அவள் புருஷனையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கொல்வதற்கான எல்லா ஏற்பாட்டையும் செய்து, டின்னில் அடைத்து, மேலே சீட்டும் ஒட்டிக் கொடுத்தேன். அது நடக்காமல் போனதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

ரப்பர் விலை விழுந்து, அதன் பின்னாலேயே மலாயாவும் விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களிலும் ரயில்வேயிலும் ஆட்களைக் கும்பல் கும்பலாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களுக்கு இலவசக் கப்பல் டிக்கெட் கொடுத்து, ஊருக்குப் போகலாம் என்றார்கள். அக்கா புருஷன் அந்தோணி மச்சான் செந்தூல் ரயில் பட்டறையில் பதினாலு வருடம் பாய்லர் வேலை பார்த்தவர். அவரையும் நிறுத்தினார்கள்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன். ரயில்வே ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை மாதிரி ஓர் எழுத்து வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். (இதை நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்வதில்லை.) அந்தக் கையெழுத்துதான் என் வேலையைக் காப்பாற்றியது என்று பெரிய கிராணி அடிக்கடி நினைவூட்டுவார். ஆட்குறைப்புப் பட்டியலை நல்ல தாளில் பிரதி எடுக்கும் பொறுப்பும் அதனாலேயே என்னிடம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் மச்சான் பெயர் இருந்தது. அதையும் முத்து முத்தாகவே எழுதினேன். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் மேடையில் நின்று, சமைத்த உணவை டின்னில் அடைத்து மாதக்கணக்கில் கெடாமல் வைக்கும் புதிய முறையைச் செய்து காட்டினார். கனமான மூடியும் கடிகாரம் போன்ற முள்ளும் கொண்ட ஒரு பெரிய ஆவிப்பானை பக்கத்தில் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பானையைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார். வெறும் கொதிநீரில் சாகாத கிருமி உண்டு, ஆவியின் அழுத்தம் ஏறினால்தான் சாகும் என்று இரண்டு முறை சொன்னதாகப் பிறகு எனக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் நான் அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு சின்ன மரக்குச்சி. அடைத்த டின்னின் தலையில் அதனால் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்ல டின். தொப்பென்று கேட்டால் உள்ளே கெட்டுப்போனது. பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்றே காது பழகிய ஆட்கள் இருக்கிறார்களாம். எனக்கு மெய்சிலிர்த்தது. மாதா கோயில் பாடற்குழுவில் ஆறு வருடம் பாடியவனுக்கு இது எம்மாத்திரம்?

வீட்டுக்கு வந்து ஞானத்திடம் (என் மனைவி) விஷயத்தைச் சொன்னேன். அக்காவும் குழந்தைகளும் கப்பலின் மேல்தளத்தில் ஒரு வாரம் அரிசிக் கஞ்சியோடு கிடக்கப்போகிறார்கள், நாம் கோழிக்குழம்பு டின்னில் அடைத்துக் கொடுப்போம் என்றேன். ஞானம் யோசித்துவிட்டு, கருவாடும் ஊறுகாயும் கொடுத்தால் போதாதா என்று கேட்டாள். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, நீ இன்னும் உப்பிலேயே நிற்கிறாய் என்று அவளுக்கு அரைமணி நேரம் விஞ்ஞானம் எடுத்தேன்.

ஆவிப்பானை வாங்க நமக்கு வழியில்லை. வெள்ளைக்காரன் கொதிநீரும் நம் வீட்டுக் கொதிநீரும் ஒன்றுதானே, அந்த முள்ளும் மூடியும் சும்மா பகட்டு என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு புதுத் தகர டின்களைக் கடைத்தெருவில் தகர வேலை செய்யும் ஒரு சீனரிடம் செய்து வாங்கினேன். ஞானம் நாலு கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். சூடாக ஊற்றி நிரப்பி, தள்ளுவண்டியில் ஏற்றி அவர் கடைக்கே கொண்டுபோனேன். அவர் மூடியை வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டே, உள்ளே என்ன என்று பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், கேட்டார். கோழிக்கறி என்றேன். அவர் கை நின்றது.

"நந்தி பூசோக்," என்றார். பிறகு கெட்டுப்போகும் என்று அர்த்தம்.

அவருக்கும் கொஞ்சம் விஞ்ஞானம் எடுத்தேன். அவர் மிச்ச டின்களையும் ஒட்டிக் கொடுத்தார். கொண்டுவந்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஆறியதும் ஒவ்வொன்றையும் பென்சிலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டேன். பன்னிரண்டும் கணீரென்றன. வெள்ளைச் சீட்டில் 'கோழிக் குழம்பு, சவரிமுத்து தயாரிப்பு' என்று அழகாக எழுதி ஒட்டினேன். ஒன்பது டின் அக்காவுக்கு. மூன்று டின் வீட்டுக்கு, என் வெற்றியை வருகிறவர்களுக்குக் காட்ட.

திங்கட்கிழமை அக்கா குடும்பம் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களை வைக்கும் கொட்டகைக்குப் புறப்பட்டது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கப்பல். லூர்து அக்கா டின்களைக் கையில் வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க தம்பி எழுத்தே ஒரு அழகு," என்றாள். எனக்கு அந்த மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. ஆபீஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அலமாரிப் பக்கத்திலிருந்து ஞானம் கூப்பிட்டாள்.

"ஏங்க, இது நேத்து இப்படி இல்லையே."

மூன்று டின்களில் ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. நிறைய அடைத்திருக்கிறோம் அல்லவா, அதுதான் என்று சொல்லிக்கொண்டே பென்சிலால் தட்டினேன். தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு டிரெசரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். டின்னைத் தொடாமலே பார்த்தார்.

"இதைத் திறக்க வேண்டாம் தம்பி. உள்ளுக்கு விஷம். மற்ற டின்னெல்லாம் எங்கை?"

எங்கே என்று சொன்னேன். உப்பாத டின்னிலும் அந்த விஷம் இருக்கலாம், தட்டியோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, ஒரு கரண்டி உள்ளே போனால் கண் இருண்டு மூச்சு அடைத்துவிடும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதற்குள் தெருவில் இருந்தேன்.

ஆபீஸுக்குச் சொல்லவில்லை. ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் சொல்லாமல் ஒருநாள் போகாமலிருப்பது, பட்டியலில் நம் பெயரை நாமே எழுதிக்கொள்வது போல. அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. உப்பிய டின்னைச் சாட்சிக்காகத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு துறைமுகம் போகும் போர்ட் சுவெட்டன்ஹாம் ரயிலில் ஏறினேன். (அதை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். இன்றைக்குத் தோன்றுகிறது.)

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் வெயில் கொளுத்தியது. மடியில் அந்த டின்னைப் பிறந்த குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. எதிரில் இருந்த அம்மாள் என்ன வைத்திருக்கிறாய் என்று அன்பாக விசாரித்தார். கோழிக்குழம்பு என்றேன். சாப்பிடத்தானே என்றார். இல்லை என்றேன். அவர் வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். கிள்ளான் ஸ்டேஷன் தாண்டியபோது எனக்கு அக்காவின் சின்னப் பெண் ஞாபகம் வந்தது. அவளுக்குக் கோழி என்றால் உயிர். கொட்டகையிலேயே கேட்டு அழுதிருப்பாளோ, அக்கா மனமிரங்கி ஒன்றைத் திறந்திருப்பாளோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இறங்கும் வரை ஜெபம்தான்.

துறைமுகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். தகரப்பெட்டி, பாய்ச்சுருள், கூடைக்குள் கோழி, தூக்கத்தில் தொங்கும் குழந்தைகள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கப்பல் தள்ளி நின்றது. ஆட்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். படகுத்துறை வாசலில் சுகாதார அதிகாரி ஒவ்வொருவர் நாக்கையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா குடும்பம் வாசலுக்குக் கிட்டத்தில் நின்றது. நால்வரும் உயிரோடு இருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"நீ வருவேன்னு நான் சொன்னேன். உங்க மச்சான்தான் நம்பல. இன்னொரு டின்னா கொண்டாந்திருக்க?"

நான் மூச்சு வாங்கினேன். சொல்ல வேண்டியதை ரயிலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். விஷத்தில் ஆரம்பித்திருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"அக்கா, அந்த ஒன்பது டின்னையும் திருப்பிக் குடுத்துடு."

வரிசை திரும்பிப் பார்த்தது. அந்தோணி மச்சான் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். பட்டறையில் பதினாலு வருடத்துக்காகக் கொடுத்த விருந்தில் போட்ட கோட்டு; ஊரில் போய் இறங்கும்போது மானமாக இருக்கட்டும் என்று போட்டது. கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேலை உனக்கு இருக்கு. வீடு உனக்கு இருக்கு. இந்தக் கோழியும் வேணுமா, சவரி?"

அதற்குப் பிறகு இந்த நாற்பது வருடத்தில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் மாதிரி எதுவும் உள்ளே போய்த் தங்கவில்லை. நான் உளற ஆரம்பித்தேன். கிருமி, ஆவி, அழுத்தம், டிரெசர் என்றெல்லாம் சொன்னேன். மச்சான் பெட்டியைத் திறந்து ஒரு டின்னை எடுத்தார். அது உப்பவே இல்லை. புதுசாக, தட்டையாக, என் அழகான எழுத்தோடு இருந்தது. "இதுலயா விஷம்?" என்றார்.

இனி வார்த்தை உதவாது, சாட்சியைக் காட்டிவிட வேண்டும் என்று பக்கத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்தவரின் கத்தியைக் கேட்டு வாங்கினேன். திறக்க வேண்டாம் என்று டிரெசர் சொன்னது அப்போது ஞாபகத்தில் இல்லை. பையிலிருந்த உப்பிய டின்னை எடுத்து, தலையில் கத்தி முனையை வைத்து ஓங்கிக் குத்தினேன்.

அது குழம்பாக வரவில்லை. பீச்சியடித்தது. முதலில் மச்சானுடைய வெள்ளைக் கோட்டில். மிச்சம் என் முகத்தில். பிறகு நாற்றம் வந்தது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. வரிசை இரண்டாகப் பிளந்தது என்று மட்டும் சொல்கிறேன். யாரோ வாந்தி எடுத்தார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். காலரா என்று ஒருவர் சொல்ல, கூடைக்கோழிகள் உட்பட எல்லோரும் கூச்சலிட்டார்கள். சுகாதார அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். நான் இங்கிலீஷில் விளக்கினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் உள்ள டின்களை உடனே வெளியே போடச் சொன்னார்.

மச்சான் டின்களை ஒவ்வொன்றாக எடுத்து என் காலடியில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றிச் சுருட்டி அதையும் அங்கேயே போட்டார். காவலாளி அவர்களைப் படகுக்கு விரட்டினான், என்னை எதிர்ப்பக்கம் இழுத்தான். மன்னிப்புக் கேட்கவோ, சாமி உங்களைக் காப்பாத்தட்டும் என்று சொல்லவோ நேரமில்லை. படகு நகர்ந்தபோது அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகையினாலா, நாற்றத்தினாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டின்களைச் சதுப்பு மண்ணில் ஆழமாகப் புதைக்கச் சொல்லி மண்வெட்டி கொடுத்தார்கள். புதைக்கும்போது எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு. மண்ணைத் தோண்டியெடுத்து மூன்றாவது முறையும் எண்ணினேன். கடலைப் பார்த்தேன். கப்பல் புகை விட ஆரம்பித்திருந்தது.

துறைமுக ஆபீஸுக்கு ஓடி, கப்பலுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றேன். என் முகத்திலும் சட்டையிலும் இருந்ததைப் பார்த்து வாசலைத் தாண்ட விடவில்லை.

அடுத்த ஏழு வாரம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். ஞானம்தான் வாங்கிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். வீட்டில் அந்த ஒன்பதாவது டின்னைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஆபீஸில் வேலை போகவில்லை. ஆனால் எத்தனை குளித்தும் நாற்றம் போகாததால் பெரிய கிராணி என்னைச் சரக்குக் கொட்டகையில் கருவாட்டு மூட்டைகள் இறங்கும் மூலைக்கு மாற்றினார். தற்காலிகம் என்றார். எட்டு வருடம் அங்கேதான் இருந்தேன்.

ஏழாவது வாரம் அக்காவின் கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. மூத்த பெண்ணைச் சொல்லச் சொல்ல எழுத வைத்திருந்தாள். ஞானம் நின்றுகொண்டே வாசித்தாள்.

"தம்பி, ஒண்ணை மட்டும் நான் சேலைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன். திங்கிறதுக்கு இல்ல. இனிமே உன் எழுத்தை எப்போ பாக்கப் போறேன்னு வச்சேன். அது மூணாம் நாள் நடுக்கடல்ல துணிமூட்டைக்குள்ள வெடிச்சிருச்சு. எல்லாத் துணியும் போச்சு. தளத்துல இருந்தவங்க எல்லாரும் கப்பலோட மறுகோடிக்குப் போயிட்டாங்க. எங்க நாலு பேருக்குக் கை கால் நீட்டிப் படுக்க எடம் கிடைச்சுது. அதைப் பார்த்து உங்க மச்சான் சிரிச்சார். வேலை போனதுக்கப்புறம் அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஞானம் என்னைக் கொஞ்ச நேரம் அழவிட்டு, பிறகு அவள் சிரித்தாள்.

அன்று முதல் அக்கா பிள்ளைகளுக்கு நான் வெடி மாமா. மச்சான் இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே 'வெடி எப்படி இருக்கிறான்' என்று ஞானத்தைக் கேட்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸிலும் அது பரவி, என் சொந்தப் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீடுகளில்கூட அப்படித்தான் என்னை அடையாளம் சொன்னார்கள். நான் ஊருக்குப் போகவே இல்லை. முதலில் லீவு கிடைக்கவில்லை, பிறகு யுத்தம் வந்தது, அதற்குப் பிறகு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. அக்காவின் மூத்த பேத்தி எழுதியிருந்தாள். அவளை நான் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. 'அன்புள்ள வெடி தாத்தா அவர்களுக்கு, பாட்டி நேற்று விடியற்காலை ஆண்டவருக்குள் நித்திரை அடைந்தார்கள்' என்று ஆரம்பித்திருந்தாள். கேலிக்காக எழுதியதில்லை. எனக்கு அதுதான் பெயர் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள்.