அண்ணாச்சி அபிப்பிராயம் கேட்கிறார்

அபிப்பிராயம் கேட்பவர் என்று ஒரு மனித ரகம் உண்டு. முடிவைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, அது ஊரில் எங்கோ தொலைந்து கிடப்பது போல வீடு வீடாகத் தேடி வருவார். "உங்கள விட்டா நான் வேற யார்ட்ட கேப்பேன்?" என்பார். அரை மணி நேரத்துக்கு முன் இதையே இன்னொருவரிடமும் சொல்லியிருப்பார். நாமும் மனம் குளிர்ந்து, மூளையைக் கசக்கி ஒரு யோசனை சொல்வோம். அது அவர் பையில் இருப்பதோடு பொருந்தினால் நாம் அறிவாளி. பொருந்தாவிட்டால், "அதுவும் சரிதான்... ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் நெல்லையப்பன் இந்த ரகத்தில் முதல் தரம். பூர்வீகம் திருநெல்வேலி; பஜாருக்கே அண்ணாச்சி. வயது ஐம்பத்து நாலு, எடையும் ஏறக்குறைய அதே. இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஒரு மல்யுத்தக் குழு நடத்துகிறார் என்றால் நம்புவீர்களா? டி.வி.யில் பார்ப்பீர்களே, கயிறு கட்டிய ரிங்கில் ஒருவரை ஒருவர் தூக்கி வீசி, மார்தட்டி, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு மோதுவார்களே, அந்த மல்யுத்தம். மாதம் ஒரு ஞாயிறு, கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டம். ஆறு பேர் கொண்ட குழு. கட்டட வேலைக்குப் போகும் லிங்கம்தான் வில்லன். ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் அஸ்வதிதான் நாயகி. புரோட்டா மாஸ்டர் செல்வின் முகமூடி போட்டுக்கொண்டு வருவான். மைக்கைப் பிடித்து இவர்களை ஒவ்வொருவராக ரிங்குக்கு அழைப்பது நெல்லையப்பன். இருநூறு பேர் விசிலடிப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. தென்னிந்தியாவின் சிறு குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி, நீங்களும் சேருங்கள். நாலு மாநிலங்களில் ஆட்டம், ரிங் பக்கத்திலேயே டாக்டர், வீரர்களுக்குக் காப்பீடு. ஆனால் நிகழ்ச்சி அமைப்பு முழுக்கக் கூட்டணியின் கையில். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

அண்ணாச்சி கேட்கக் கிளம்பினார்.

முடிவெட்டுகிறவரிடம் கேட்டார், கத்தி கழுத்தில் இருக்கும்போதே. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டார். குக்கர் வாங்க வந்த கல்யாணப் பெண்ணிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கல்லாறுக்குக் குளிக்கப் போனவர், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, சோப்புப் போட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மனிதரிடமும் கேட்டார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சேருங்கள்.

'வேண்டாம்' என்றது ஒரே ஒருவர், கல்லாறுக்குப் போகிற வழியில் வித்துரா பஸ்ஸில் இருந்த கண்டக்டர். அவரும், பலாப்பழ மூட்டையோடு படியில் ஏறப் பார்த்த ஒருவரிடம்தான் "வேண்டா, வேண்டா" என்று கத்தினார். அதனால் என்ன? அன்றிலிருந்து அண்ணாச்சி போகுமிடமெல்லாம், "கண்டக்டர் வேண்டாம்ங்காரு. நாலு ஊரு பாத்த மனுஷன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மனைவி உலகம்மை தட்டில் தோசையைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க சேரப் போறதில்ல. பின்ன எதுக்கு என்ட்ட கேக்குதீங்க?"

"வீட்டுல ஒரு வார்த்த கேக்காண்டாமா?"

"கேட்டாச்சுல்லா. சாப்பிடுங்க."

கடைசியில் குழுவைக் கூட்டி ஓட்டெடுப்பு வைத்தார். ஆறு பேரும் கையைத் தூக்கினார்கள். தலைவர் அந்த ஆறு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாரும் ஒண்ணு போல சொல்லுதீங்க. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. இன்னும் நாலு பேர்ட்ட கேப்போம்."

அடுத்த ஆட்டத்தில், அஸ்வதி தூக்கி வீசியபோது லிங்கம் தோளில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு தரையைத் தட்டினான். வில்லன் நடிப்பென்று ஜனங்கள் விசிலடித்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் புரிந்துவிட்டது. மைக்கில், "டாக்டர் யாராவது இருக்கீங்களா? ஒரு டாக்டர் வேணும்!" என்று கத்தினார். குரல் உடைந்தது. அதுவும் நாடகம் என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செல்வின் முகமூடியைக்கூடக் கழற்றாமல் ஓடி ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில், இறங்கிப்போன தோள்மூட்டைப் பொருத்திக் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் ஓய்வு என்றார்கள். கட்டிலின் ஓரத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி வாயைத் திறந்தார்.

"அஸ்வதி, நீ என்ன நினைக்க..."

"மதி சாரே, போதும்." அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இத்தன நாள் நீங்க கேட்டீங்க. இப்ப நான் கேக்கறேன். சேந்தா உங்களுக்கு என்ன போகும்?"

"அதல்ல விஷயம்..."

"அதுதான் விஷயம். சொல்லுங்க."

அண்ணாச்சி லிங்கத்தின் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு, கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் சொன்னார்: "மைக்கு."

"என்னது?"

"கடிதத்துல நாலாம் பக்கம். ரிங்குல பேசுதது அவங்க ஆளுதானாம்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடையில நான் வாயத் திறந்தா குக்கர் விலை மட்டுந்தான் வருது. அங்க, 'லிங்கம்'னு நான் கூப்பிட்டா இருநூறு பேரு எந்திரிக்கான். அத எப்படி விடுவேன்?"

யாரும் சிரிக்கவில்லை. படுத்திருந்த லிங்கம்தான் பேசினான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அவங்கட்ட கேட்டுப் பாத்திருப்போமே, அண்ணாச்சி."

மறுநாளே கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்று பெங்களூரிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்தார். கல்லாவில் இருந்த பேனாவை எடுத்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர், பக்கத்தில் உலகம்மை, வாசலில் தபால்காரர். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், சேரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். பயந்துபோன உலகம்மை அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாளாம், காய்ச்சலோ என்று.

மூன்று மாதம் கழித்துக் கொச்சியில் கூட்டணியின் முதல் ஆட்டம். இரண்டாயிரம் பேர். ரிங் ஓரத்தில் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்ட புது அறிவிப்பாளர் கணீரென்று அழைத்தார்: "திருவனந்தபுரத்திலிருந்து... லிங்கன்!"

மூன்றாம் வரிசையில் நெல்லையப்பன் குதித்து எழுந்தார். "லிங்கம்! லிங்கம்லே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த வரிசை திரும்பிப் பார்த்தது. அப்புறம் அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்து கத்தியது. ரிங்குக்குப் போய்க்கொண்டிருந்த லிங்கம் நின்று, குணமாகிவிட்ட அந்தத் தோளை உயர்த்தி, வில்லன் என்பதை மறந்து அவரைப் பார்த்துச் சிரித்தான்.

இவ்வளவு நேரம் நீங்களும் சிரித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நல்லது. போன வருஷம் மகளின் மேல்படிப்பைப் பற்றி ஐந்து பேரிடம் கேட்டு, ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு ஆறாவது ஆளைத் தேடிப் போனீர்களே, அவர் வாயிலிருந்து என்ன வர வேண்டும் என்று படியிறங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?