பத்தாவது பட்டை எங்கே போனது?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மீட்டர் தாளில் பத்து சென்டிமீட்டர் பட்டை எத்தனை கிடைக்கும் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் உட்கார்ந்து புரோகிராம் எழுதி, ஒன்பது என்று விடை கண்ட ஆள் நான். (மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னும் எழுந்தபாடில்லை.)

திருத்தங்கல் அச்சாபீஸ் ஒன்றில் கட்டிங் மெஷினில் நிற்பவர் என் அண்ணன் மனைவி, மாரித்தாய் மதினி. பட்டாசுக் குழாயில் சுற்றும் கலர்த்தாளைப் பட்டை பட்டையாக வெட்டி அனுப்புவது அங்கே பெரிய வேலை. எந்த ஆர்டருக்கு எவ்வளவு தாள் வேண்டும் என்பதை மதினி மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். ஒரு தாள் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. முதலாளி அண்ணாச்சிக்கோ அந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் வரவேண்டும் என்று ஆசை. என் கொழுந்தனார் அதில் கெட்டி என்று மதினி வாக்குக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் போட்ட ஒரே தப்புக் கணக்கு அது.

வீட்டில் என் புது லேப்டாப்பில் மதினிக்குச் செய்து காட்டினேன். ஒரு மீட்டரை 0.1ஆல் வகு, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டி எறி. (அரைப் பட்டையை வைத்து யார் என்ன செய்வது?) பத்து என்று வந்தது. மதினி ஆச்சரியப்படவில்லை.

மறுநாள் அச்சாபீஸ். அங்கிருந்த கம்ப்யூட்டர் என் கல்யாணத்துக்கு முந்தியது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதே புரோகிராமை ஏற்றி, அண்ணாச்சி கையாலேயே பொத்தானை அழுத்தச் சொன்னேன். தாளுக்கு ஒன்பது பட்டை என்று சீட்டு வந்தது. கூடவே, கையிருப்புத் தாளை வைத்து வெட்டினால் ஆர்டரில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்றும்.

அண்ணாச்சி முகம் சுருங்கியது. தாள் மதினியின் கணக்குப்படிதான் வந்து இறங்கியிருந்தது. சாயங்காலம் எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையிலிருந்து லோடு ஏற்ற வேன் வந்துவிடும். சீசன் நேரத்தில் அவசரத்துக்குத் தாள் கிடைக்காது. மதினி கணக்கு தப்புமா என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

நான் மதினி பக்கம் நின்றிருக்கலாம். நின்றேனா?

"நேத்து வீட்ல பத்துன்னீக?" என்றார் மதினி.

"அது வீட்டுக் கணக்கு மதினி. வெட்டும்போது கத்தி கொஞ்சம் தாளைத் தின்னும்ல? அதையும் கம்ப்யூட்டர் சேத்துப் பாத்திருக்கு."

(அப்படி ஒரு வரியை நான் எழுதவே இல்லை. வாய்தான் எழுதியது.)

"பன்னெண்டு வருசமா இந்தக் கத்திகிட்டதான் நிக்கேன். எனக்குத் தெரியாம எங்கன வச்சுத் தின்னுச்சு?"

அண்ணாச்சி கம்ப்யூட்டரை நம்பினார். சீட்டில் உள்ளபடி தாளுக்கு ஒன்பது பட்டை, மிச்சம் கழிவு என்று உத்தரவு போட்டார். மதினி வாதாடவில்லை. வெட்ட ஆரம்பித்தார்.

நாலரைக்கு வேன் வந்தது. தாள் தீர்ந்திருந்தது. பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று அண்ணாச்சி டிரைவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்ல, நான் சுவரோடு சுவராக நின்றேன். மதினி நிதானமாக மெஷினுக்குப் பின்னால் போய், மூடியிருந்த சாக்கை விலக்கினார். கழிவு என்று நாங்கள் சொன்ன மிச்சமெல்லாம் கட்டுக் கட்டாக, ஓரம் பிசகாமல் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றும் அச்சு அசல் பத்து சென்டிமீட்டர்.

"ஒம்பது வெட்டுப் போட்டா பத்துத் துண்டு விழும், அண்ணாச்சி. எண்ணிக்கோங்க."

எண்ணினார்கள். ஒரு பட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேன் போனது. அண்ணாச்சி என் சீட்டை மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார்.

காரணம் எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. கம்ப்யூட்டர் இரண்டு இரண்டாக எண்ணுகிற ஜாதி, அதற்கு 0.1 என்பது முழுசாகப் பிடிபடாது. மயிரிழை கூடுதலாகத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் வகுத்தால் பத்துக்கு மயிரிழை குறைவு. என் லேப்டாப்பில் அந்த மயிரிழைக்கு இடமில்லை. பத்து என்று முழுசாக்கிவிட்டது. அந்தப் பழைய பெட்டி கணக்கின் நடுவில் இன்னும் சில இலக்கம் கூடுதலாக வைத்திருக்கும். 9.9999 என்று அது நேர்மையாகச் சொன்னதை, புள்ளிக்குப் பின்னால் வெட்டி எறிந்தது நான். இரண்டு பெட்டி மேலும் குற்றமில்லை. அந்தக் கிழட்டுப் பெட்டியின் நேர்மையை நினைத்தால் இன்றும் எனக்குக் கும்பிடத் தோன்றும். அதைவிட, கழிவு என்று ஊரே சொன்னதைக் கயிறு போட்டுக் கட்டி வைத்த கையை.

இதையெல்லாம் மதினியிடம் அரை மணி நேரம் விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டு, சாப்பிட்டீகளா என்று கேட்டார்.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து டப்பாவில் முறுக்கு வந்தது. பத்து வைத்திருப்பதாக மதினி போனில் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"மதினி, ஒம்பதுதான இருக்கு?"

"கத்தி தின்னுருக்கும்."